பேராசிரியை பூமயிலுக்கு ஓர் இலை

ஆத்தா பூமயிலு, என் மருமகளே, மிளகாய்க் காட்டில் பிறந்து மஞ்சள் நதியைக் கலக்கியவளே,

நலமா என்று கேட்டால் அங்கிருந்தே சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. நீ இருக்கும் இடத்தில் சீனாக்காரர்களின் கூட்டம் எப்படியும் அதிகமாகத்தான் இருக்கும், பேச்சுத் துணைக்குக் குறையிருக்காது. இந்நேரம் இரண்டு பேரரசர்களையும் நாலு தளபதிகளையும் வரிசையில் நிறுத்தி, "அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்சீக?" என்று விசாரணை நடத்திக்கொண்டிருப்பாய். அவர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஐப்பசி மழையில் உன்னை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். ராமேஸ்வரத்தில் உன் சாம்பலைக் கரைத்த அன்று கடல், கிண்ணத்தில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. உன் தம்பி முருகேசனிடம் சொன்னேன்: "பாருடா, இந்தத் தண்ணிதான் அங்கிட்டுச் சுத்திச் சீனாவுக்குப் போகுது. உங்கக்கா இந்தத் தடவை விசா வாங்காமப் போறா." அவன் அழுதுகொண்டே சிரித்தான். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன், ஈர வேட்டியில் மூக்கைச் சிந்தினான்.

இந்தக் கடிதம் எதற்கென்றால், தை மாதம் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். உன்னை நடுவில் வைத்து ஒரு சண்டை. நீ படித்த அத்தனை உள்நாட்டுப் போரும் அதற்குமுன் கோலிக்குண்டு விளையாட்டு.

அதைச் சொல்லும் முன், உன் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். தடுக்க நீதான் இல்லையே.

கமுதி மிளகாய் மண்டியில் உட்கார்ந்து உன் புகழை நான் பரப்பியது கொஞ்சநஞ்சமில்லை. உன் தலைக்குள் நாற்பதாயிரம் சீன எழுத்துகள் இருப்பதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். நீ லீவுக்கு வந்தபோது, "நாலாயிரம்தான் மாமா, அதுவும் தெனம் பழகாட்டி மறந்துரும்" என்று மானத்தை வாங்கினாய். ஒரு பூஜ்யம்தானே தாயி, அதற்குப் போய் இத்தனை பேர் முன்னால் திருத்துவதா? உன் முதல் புத்தகம் தபாலில் வந்த அன்று அதை மண்டித் தராசில் வைத்து நிறுத்தேன். அந்த எடைக்குக் குண்டு மிளகாய் வாங்கினால் ஒரு கல்யாணத்துக்கே குழம்பு வைக்கலாம். உள்ளே ஒரு வரி எனக்குப் புரியவில்லை. ஆனால் அட்டையில் உன் பெயர் இருந்ததே, அதைத் தடவித் தடவி மிளகாய்க் காரம் ஏறி, பிறகு அந்தப் புத்தகத்தைத் தொட்டவனெல்லாம் கண்ணைக் கசக்கினான். "படிச்சதும் அழுதுட்டான் பாரு" என்று சொல்லிக்கொண்டேன்.

"எங்க மருமக சீனாவுக்கே வரலாறு சொல்லிக் குடுக்குறா" என்பேன்.

பக்கத்துக் கடைக்காரர் விடமாட்டார். "ஏண்ணே, சீனாக்காரனுக்குச் சீனா வரலாறு தெரியாதா?"

"தெரியும்யா. ஆனா சொல்ல மாட்டான். எங்க பிள்ளை போயிக் கேட்டாத்தான் சொல்லுவான்."

அன்றைக்கு அது வெறும் வாய்ப்பந்தல். அது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று இந்தத் தையில்தான் எனக்குத் தெரிந்தது.

டில்லியில் கூடப் படித்தவர்கள் எல்லாம் முகலாயன், வெள்ளைக்காரன் என்று போனபோது நீ மட்டும் சீனாவைப் பிடித்தாய். ஏன் தாயி என்று கேட்டேன். "அங்கிட்டும் சில ஊர்ல மழை பெய்யாது மாமா" என்றாய். நான் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். நீயோ நிஜமாகவே மழை பெய்யாத ஊராகத் தேடிப் போய் உட்கார்ந்தாய். மஞ்சள் புழுதி பறக்கும் அந்த வடக்கத்திக் கிராமங்களில், வருஷம் தவறாமல், குளிர்காலம் முழுக்க. குளிரில் உன் மூக்கு உதிர்ந்து விழுந்துவிடும் என்று உன் ஆத்தா நம்பினாள். நீ ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்ததும் முதலில் உன் மூக்கைத்தான் பிடித்துப் பார்ப்பாள்.

அங்கே நீ தேடியது, நீ பிறந்த காலத்தை ஒட்டி அந்த ஊர்களில் வந்த ஒரு பெரும்பசியை. ஊருக்கே ஒரே அடுப்பு போதும் என்று சட்டம் போட்டு, வீட்டு அடுப்பை இடித்து, இரும்புச் சட்டியைப் பிடுங்கி உருக்கி, கடைசியில் அந்தப் பொது அடுப்பிலும் போட தானியம் இல்லாமல் போன காலம். எத்தனை பேர் போனார்கள் என்று அறிஞர்கள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ சொன்ன விதத்தில் எனக்குக் கேட்கத் தெம்பில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கடிதத்தைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. நம் வீட்டில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை, கன்னி. பொங்கல் கழிந்து வரும் வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் அவளுக்கு நடுவீட்டில் ஓர் இலை போடுவோம். பச்சரிசிச் சோறு, கருப்பட்டிப் பணியாரம், வாழைப்பழம். பக்கத்தில் புதுப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுப் போவாள். துணிமணி ஓலைப்பெட்டிக்குள் போய், அடுத்த தை வரைக்கும் உத்திரத்தில் தொங்கும். உனக்கு மூத்தவள் பேச்சி, நீ பிறக்கும் முன்பே ஐந்து வயதில் காய்ச்சலில் போனவள். அவள்தான் நம் வீட்டுக் கன்னி.

மார்கழிக் கடைசியில் உன் ஆத்தா என்னைக் கமுதியிலிருந்து நம் சிக்கல் ஊர் வீட்டுக்கு வரச் சொன்னாள். தொண்ணூறைத் தொடப்போகிற என் அக்கா கூப்பிட்டால், எழுபத்தெட்டு வயதுத் தம்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கத்தான் வேண்டும். போனேன். முருகேசனும் இருந்தான்.

"ஏலே வெள்ளை, இந்தத் தைக்கு ரெண்டு இலை" என்றாள்.

"ரெண்டாவது யாருக்குக்கா?"

"யாருக்கா? எம்மகளுக்கு. பூமயிலுக்கு."

முருகேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஆத்தா, என்ன பேசுற? அக்கா பேராசிரியர். அறுபத்து நாலு வயசு. தலை பூராம் நரை. அவளுக்குப் போயிப் பாவாடை சட்டையும் ரிப்பனுமா? ஊரு சிரிக்கும். அக்கா இருந்தா அவளே சிரிப்பா."

"சிரிக்கட்டும்டா. சிரிச்சுக்கிட்டே சாப்பிடட்டும்."

நான் முருகேசன் கட்சி. ஒளிக்க என்ன இருக்கிறது? உலக மேடைகளில் ஏறிச் சீனத்தின் ஒரு நூற்றாண்டையே கூண்டில் ஏற்றியவளுக்கு ரிப்பன் கட்டிப் பின்னல் போடுவதா? என்னிடம் அதைவிடப் பெரிய திட்டம் இருந்தது. சிக்கல் விலக்கில், பஸ் நிற்கிற இடத்தில், ஒரு மாபெரும் பிளெக்ஸ். நடுவில் நீ. பின்னால் சீனப் பெருஞ்சுவர். பிரிண்டிங் கடைத் தம்பி தானாகவே இரண்டு பக்கமும் நெருப்புக் கக்கும் டிராகன் சேர்த்துக் கொடுத்தான். மேலே, 'சீன சரித்திரத்தின் சிங்கமே' என்று எழுதச் சொன்னேன். போனில் வந்த மாதிரியை அக்காவிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "இதென்னலே, ரெண்டு ஓணான்?"

"டிராகன்க்கா."

"பிளெக்ஸ் சோறு திங்குமா?"

முருகேசன் தன் திட்டத்தை எடுத்தான். "காலேஜ்ல பேசியிருக்கேன் ஆத்தா. வருஷா வருஷம் அக்கா பேர்ல ஒரு சொற்பொழிவு. வெளியூர்ல இருந்தெல்லாம் அறிஞர்கள் வருவாக."

"வந்து?"

"பேசுவாக."

"பேசுறவுக காப்பி குடிச்சிட்டுப் போவாக. எம்பிள்ளைக்கு என்னடா குடுப்பாக?"

அவள் குரல் இறங்கியது. "கல்யாணம் கட்டல, பிள்ளை இல்ல. நான் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். நான் போனபெறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு வைக்க யாரு இருக்கா? ஊரூராப் போயி அலைஞ்ச பிள்ளை. செத்தும் அலையணுமா?"

வேறு வழி அவளுக்கு இல்லை, பூமயிலு. நம் வழக்கத்தில் கல்யாணம் ஆகாதவளுக்கு இலை விழ வேண்டுமென்றால் அவள் கன்னியாகத்தான் வர வேண்டும். அந்த இலையையும் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை மனசொப்பிப் போட்டால்தான் செல்லும். ஆத்தாவால் போட முடியாது, மாமனான என்னாலும் முடியாது. முருகேசன் போட வேண்டும். இந்த வருஷம் மட்டுமில்லை, அவன் இருக்கிற வரைக்கும்.

"என்னால முடியாது ஆத்தா" என்றான் அவன். "அக்கா செஞ்சதையெல்லாம் அழிச்சிட்டு, அவளைச் சின்னப்பிள்ளை ஆக்கச் சொல்ற."

அன்றிலிருந்து ஆத்தாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உங்கப்பாகிட்டச் சொல்லு" என்று அவன் மகள் வழியாகத் தூது. பொங்கலுக்குப் பானை பொங்கியது. ஒருத்தர் முகமும் பொங்கவில்லை.

இந்தக் களேபரத்தின் நடுவில்தான் உன் மாணவி லின் வந்தாள். சிங்கப்பூரில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளே, அதே லின். தன் ஆசிரியை பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தாளாம். அவர்கள் ஊர்ப் புத்தாண்டு விடுமுறையும் நம் தையும் ஒட்டி வந்துவிட்டன. ராமநாதபுரம் ஸ்டேஷனில் அவளை வரவேற்க நான் கொட்டுமேளத்துக்கே சொல்லியிருந்தேன். முருகேசன் போன் பண்ணிக் கெடுத்துவிட்டான். ஒரு மாலையோடு முடிந்தது.

வீட்டில் சாப்பிடும்போது அவளை எச்சரித்தேன். "இது ராமநாதபுரம் குண்டு மிளகாய்ம்மா. இதக் கடிச்சு ஒரு ஆனை அழுதிருக்கு." முருகேசன் மொழிபெயர்த்தான். ஆனையை விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். அவள் ஒரு வறுத்த மிளகாயை எடுத்து நறுக்கென்று கடித்து, மென்று, விழுங்கி, இன்னொன்று கேட்டாள். அவள் ஊர்ப்பக்கம் மிளகாயைப் பொரியல் மாதிரி தின்பார்களாம். என் ஐம்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

சாப்பிட்டதும் லின் நேரே களத்துக்குப் போனாள். முதல் பறிப்பு காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்து நிழலில் உன் ஆத்தா காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். லின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தானும் கிள்ள ஆரம்பித்தாள். எங்கே பழகினாய் என்றால், உன்னிடம்தானாம். "கை சும்மா இருந்தா வாய் பேசாது, அதனால யார் வீட்டுக்குப் போனாலும் அவங்க என்ன வேலை செய்யிறாங்களோ அதைச் செய்" என்பது நீ மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமாமே. சோளம் உதிர்ப்பவளோடு சோளம் உதிர்த்தும், செருப்புக்குத் தையல் போடுகிறவளோடு ஊசி கோத்தும்தான் நீ அந்த மனுசிகளின் வாயைத் திறந்தாயாம். நீ நம் களத்தையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நாங்கள் இங்கே அதில் மிளகாய் மட்டும்தான் காய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விருந்தாளி வந்த இடத்தில் சண்டையை மூடி வைப்பது வழக்கம். உன் ஆத்தாவுக்கு அந்த வழக்கம் மட்டும் கிடையாது.

"வெள்ளிக்கிழமை நாளைக் கழிச்சுங்கிறத உங்கப்பாகிட்டச் சொல்லு" என்று பேத்தியிடம் சத்தமாகச் சொன்னாள். முருகேசன் இரண்டு முழத் தூரத்தில் நின்றான்.

லின் இருவர் முகத்தையும் பார்த்து என்ன என்று கேட்டாள். முருகேசன் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி சொன்னான்.

"என்னலே சொன்ன?"

"ஒரு சடங்கு விசயமா சின்னக் கருத்து வேறுபாடுன்னு சொன்னேன்."

"சின்னதா? முழுசாச் சொல்லு. இலை, பாவாடை, ரிப்பனு, நீ முடியாதுன்னது, அம்புட்டையும் சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னான். பேச்சியைச் சொன்னான். வருஷா வருஷம் விழும் இலையைச் சொன்னான். உத்திரத்தில் தொங்கும் ஓலைப்பெட்டியைக் கைகாட்டினான். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். கேட்கக் கேட்க லின்னின் கை நின்றுபோனது. கிள்ளிய காம்பு விரலிலேயே இருந்தது.

"ஆசிரியை சின்ன வயசுல இதைப் பார்த்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

உன் ஆத்தா சிரித்தாள். "பாக்குறதா? படையல் முடிஞ்சதும் அந்தப் பாவாடையை இவளுக்குத்தான ஒரு நாழி உடுத்திவிடுவேன். இலைக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, 'அக்கா சாப்பிட்டாளா, இன்னும் பசிக்குதாம்மா அவளுக்கு'ன்னு கொடைவா. ஊரே பேச்சியை மறந்துருச்சு, தான் பார்க்காத அக்காவை இவதான் மறக்கல."

முருகேசன் இதை மொழிபெயர்த்தபோது லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மிளகாய்க் கை தாயி! நான் பதறிப்போய்ச் செம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் அழுகை காரத்தால் எவ்வளவு, உன்னால் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

முகம் கழுவி வந்து பேசினாள். முருகேசன் முதலில் பாடப்புத்தகத் தமிழில் மொழிபெயர்த்தான். இரண்டு வாக்கியத்தில் அது உடைந்து ஊர்ப்பேச்சாகிவிட்டது.

"அந்தப் பசியைப் பத்தி ஆராயப் போன எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்களாம். உங்க வீட்ல எத்தனை பேர் செத்தாங்க? அந்தப் பொம்பளைக யாரும் இல்லேன்னுருவாகளாம். இல்லாட்டி மாமனார், புருசன்னு பெரியவுக பேரா சொல்லுவாகளாம். அங்கிட்டும் கல்யாணம் ஆகாமச் செத்த பொம்பளைப் பிள்ளைக்கு வீட்டுப் படையல்ல எடம் கெடையாதாம் ஆத்தா. கணக்குலயே வராதாம். நம்ம அக்கா மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்கல. 'புத்தாண்டுக்கு எத்தனை கிண்ணம் வைப்பீக'ன்னு கேட்டிருக்கா."

"கிண்ணமா?" என்றாள் ஆத்தா.

"ஆமா. வீட்ல ஆறு பேர் இருந்தா ஏழு கிண்ணம் இருக்குமாம். ஏழாவது, செத்துப்போன மகளுக்கு, யாருக்கும் தெரியாம அடுப்புக்குப் பின்னால இருக்குமாம். அதை வச்ச தாய்க்கு மட்டும்தான் தெரியுமாம். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவுகளால பொய் சொல்ல முடியலையாம். அப்படித்தான் அந்தப் பிள்ளைக ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சாம். ஒரு ஊர் இல்ல, பல ஊர்ல. அதுக்குப் பெறகுதான் அந்தக் காலத்து வரலாறையே வேற மாதிரி எழுத வேண்டியதாப் போச்சாம். இந்தக் கேள்வி ஒங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு இவுக எத்தனையோ தடவை கேட்டிருக்காகளாம். அக்கா சிரிச்சுக்கிட்டுப் பேச்சை மாத்திருவாளாம்."

லின் இன்னொன்றும் சொன்னாள். உன் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் வீட்டில் அதே கேள்வியைக் கேட்டாளாம். அவள் அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்ததாம். முப்பது வயதில் ஒரு பெரியம்மா கிடைத்தாள் என்றாள்.

காக்காய் ஒன்று மிளகாயைக் கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனது.

நான் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்கிறவன். கண்மாயைக் கடல் என்பேன், கெளுத்தியைத் திமிங்கிலம் என்பேன். அன்று கேட்டதில் நான் பெரிதாக்க ஒன்றுமே மிச்சமில்லை, பூமயிலு. இத்தனை காலம் நீ எங்களை விட்டு எவ்வளவு தூரம் போனாய் என்றுதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டில்லி, சீனா, அதற்கும் அப்பால். நீ போனது தூரம்தான். ஆனால் அங்கே போய்க் கேட்டது நம் நடுவீட்டுக் கேள்வி. உத்திரத்தில் தொங்கிய ஓலைப்பெட்டியை அண்ணாந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும். டில்லியில் பிறந்திருந்தால் தோன்றியிருக்குமா? நான்தான் எத்தனை தைக்கு அந்த இலைமுன் உட்கார்ந்திருக்கிறேன்! பணியாரத்தை எண்ணியதைத் தவிர எனக்கு என்ன தோன்றியது?

முருகேசன் களத்தை விட்டுப் போய்விட்டான். செருப்பைக்கூடப் போடவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சாயங்காலம் திரும்பினான். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. ராமநாதபுரத்துக்கே போயிருக்கிறான். அங்கே நடந்ததை அவனே சொன்னான்.

"பட்டுப் பாவாடை வேணும்னேன் மாமா. கடைப் பொண்ணு, 'பாப்பாவுக்கு என்ன வயசு சார்'னு கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"அறுபத்து நாலுன்னேன்."

"அது என்ன சொல்லுச்சு?"

"என் மூஞ்சியப் பாத்துச்சு. உள்ள போயி இருக்கிறதுலயே நீளமானத எடுத்துட்டு வந்துச்சு."

பையை ஆத்தா மடியில் வைத்தான். மயில் கழுத்து நிறம். ரிப்பனும் இருந்தது. ஆத்தா துணியை விரித்துப் பார்க்கவில்லை, அவன் தலையைத்தான் தடவினாள். பிறகு நேராக அவனிடமே பேசினாள், தூது இல்லாமல். "சாப்பிட்டியாடா?"

வெள்ளிக்கிழமை உச்சி வேளை. பேச்சிக்கு ஓர் இலை போட்டான் முருகேசன். அதற்குப் பக்கத்தில் உனக்கு ஓர் இலை. சோறு, பணியாரம், பழம். நான் என் பங்குக்கு உன் புத்தகத்தையும் கொண்டுவந்து வைக்கப் பார்த்தேன். "சாப்பிடுறப்ப என்னலே படிப்பு, எடு அங்கிட்டு" என்று அக்கா விரட்டிவிட்டாள். முருகேசன் கும்பிட்டு, "அக்கா பேச்சி, அக்கா பூமயிலு, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டான். வாத்தியார் குரல் வீடு முழுக்கக் கேட்டது. பிறகு ஆத்தாவைப் பார்த்துச் சொன்னான்: "நான் இருக்கிறவரைக்கும் நான் போடுறேன் ஆத்தா. எனக்குப் பெறகு எம்மக போடுவா. ஆம்பளப்பிள்ளைதான் போடணும்னு எவனாவது வந்தா எங்கிட்டப் பேசட்டும்."

அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் அக்கா இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும். இனி எழுந்து கை கழுவிச் சாப்பிட உட்காரலாம் என்று நான் நினைத்தேன்.

"இன்னொரு இலை போடுடா" என்றாள்.

"யாருக்குத்தா?"

"அந்தப் பிள்ளைகளுக்கு. இவ கண்டுபிடிச்சாளே, அடுப்புக்குப் பின்னால இருந்த பிள்ளைக. பசிச்சுச் செத்ததுக. இவளுக்கு மட்டும் போட்டா இவ தொண்டையில எறங்குமா?"

நான்தான் கேட்டேன், சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் ஒத்தை இலையா?"

"பகுந்து திங்கட்டும். இவ பந்தி பாத்துக்குவா."

மூன்றாவது இலை விழுந்தது. பானையில் இருந்த சோறு முழுவதையும் அதில் கொட்டச் சொன்னாள். அன்று மத்தியானம் எங்களுக்கு ஓட்டலில் புரோட்டாதான். கொட்டி முடித்ததும் லின்னைப் பார்த்து, "பேரச் சொல்லிக் கூப்பிடும்மா. கூப்பிடாம எப்படி வருவாக?" என்றாள். முருகேசனின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லின் இலைக்கு முன்னால் முட்டி போட்டுக் கூப்பிட்டாள். உன் புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். இடையிடையே எண்கள் மாதிரி ஏதோ வந்தன. சிலதுக்குப் பெயர் வைக்கக்கூட இல்லையாம். ரெண்டாவது, மூணாவது என்றுதான் வீட்டில் கூப்பிட்டார்களாம்.

"அதுவும் பேருதான். கூப்பிடு" என்றாள் உன் ஆத்தா.

லின் சிங்கப்பூர் போய்விட்டாள். வருஷா வருஷம் வர முடியுமோ என்னவோ. அந்தப் பிள்ளைகளை அடுத்த தைக்கு யார் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. முருகேசனுக்கு இங்கிலீஷ் வரும், சீனம் வராது. ஆகவே உன் மாமன் நான் ஒப்புக்கொண்டேன். லின் ஒவ்வொரு பெயரையும் தன் குரலில் பேசி வாட்ஸப்பில் அனுப்புகிறாள். மண்டியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு பழகுகிறேன். ஒரே சத்தத்தை ஏற்றிச் சொன்னால் ஒரு பிள்ளை, இறக்கிச் சொன்னால் வேறு பிள்ளையாம். "அண்ணே, தொண்டையில முள்ளா?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். திருப்பி அனுப்புகிறேன். தப்பு என்று லின் சொல்கிறாள். மறுபடியும் சொல்கிறேன்.

நீ ஒரு வாழ்நாள் முழுக்கக் குளிரில் உட்கார்ந்து தேடி எடுத்த பிள்ளைகள் அவர்கள். என் வாய் கோணியதால் அதில் ஒருத்தி பந்திக்கு வராமல் வாசலில் நின்றுவிடக் கூடாது. இப்போதைக்குப் பன்னிரண்டு பேரைத் தப்பில்லாமல் கூப்பிடுவேன். பூஜ்யம் எதுவும் சேர்க்கவில்லை, லின்னிடம் கேட்டுக்கொள். அடுத்த தை வெள்ளிக்குள் மீதிப் பேரையும் பழகிவிடுவேன். இது உன் மாமன் உனக்குக் கொடுக்கும் வாக்கு. நீ அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. சோறு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பொங்கச் சொல்கிறேன்.

உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த,
இன்று உன்னை அண்ணாந்து பார்க்கிற,
உன் தாய்மாமன்
வெள்ளைச்சாமி
கமுதி